வெடிப்புக்குள் வானம்

அத்தியாயம் 9

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மடித்து வைக்கிற அட்டைப்பெட்டியை அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார்கள். அதனால்தான் ஜெயசீலி தன்னுடைய மூன்று நோட்டுகளையும் அதற்குள் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை வேலூரிலிருந்து, தங்கை கிரேஸி தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து, ஒரு கார்டு வந்தது. மாணவிகள் கவியரங்கத்துக்கு 'என் வேர்' என்ற தலைப்பில் கிரேஸி எழுதிய கவிதை தேர்வாகியிருக்கிறது. ஆண்டு மலரிலும் அச்சாகும். சனிக்கிழமை காலை தகப்பனார் நேரில் வந்து, இது மாணவியின் சொந்தப் படைப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டியவளே ஜெயசீலிதான்.

கிரேஸி கவிதை எழுதுகிறவள் இல்லை. ஜெயசீலி கார்டை வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டாவது நோட்டில் நடுவில் இரண்டு தாள் இல்லை. கிழித்த இடம் பல் போன ஈறு மாதிரி இருந்தது. பொங்கல் லீவுக்கு வந்து போன கிரேஸியின் வேலை.

யாரிடம் சொல்வது? அப்படி மூன்று நோட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது.

நட்சத்திரப் பெட்டியை இனி நம்ப முடியாது. கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. கிரேஸி படித்து முடித்த பழைய நோட்டுகள், எடைக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்தது. தன் மூன்றையும் அதன் மேலாகச் செருகி வைத்தாள். பழைய நோட்டோடு பழைய நோட்டாகக் கிடக்கட்டும்.

வெள்ளிக்கிழமை முழுக்க வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை விடிந்தது.

அம்மா பொன்மலர் ஆறு மணிக்கே தைக்க உட்கார்ந்துவிட்டாள். ஆம்பூரில் அந்தத் தெருவில் பாதி வீட்டில் இதே வேலைதான். கம்பெனியிலிருந்து வெட்டின தோல் வரும். ஷூவின் மேல்பாகத்தை மெழுகு நூலால் கையிலேயே தைத்து, ஜோடி ஜோடியாக அடுக்கி, தோலும் தோலும் உரசாமல் நடுவில் தாள் வைத்துக் கட்டித் தர வேண்டும். கீறல் ஒன்று விழுந்திருந்தாலும் செக்கிங் மேஜையில் மக்பூல் அகமது கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

"சீலி, நடுவுல வைக்கப் பேப்பர் ஒண்ணுகூட இல்ல. ரெண்டு மணிக்கு வேன் வந்துரும். பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி தெருமுனை ஹலீமா பீ வீட்டுல பழைய பேப்பர் கேட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போ."

"சரிம்மா."

"இன்னாடி சரிம்மா? காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சும்மா. வாங்கித் தர்றேன்."

அப்பா ஐசக் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து, கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. எண்ணெய் பட்டால் விரல்களின் வெள்ளை கொஞ்சம் அடங்கும்.

"போதும், அப்பளம் பொரிக்க எண்ணெய் வேணும்" என்றாள் பொன்மலர். "சீலி, நீயும் அப்பா கூடப் போ. தனியா விட்டா ஸ்கூல் கேட்டுலயே நின்னுட்டுத் திரும்பி வந்துருவாரு."

"நான் இன்னா கொழந்தையா?"

"கொழந்தன்னா உள்ள ஓடிப்போய்டும். நீங்க போக மாட்டீங்க."

ஐசக் சிரித்தார். ஏனென்றால் அது உண்மை.

ஏழரை பஸ்ஸைப் பிடிக்க இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். ஜெயசீலியின் தலைக்குள் கிழிந்த இரண்டு தாள் மட்டும்தான் இருந்தது. அவற்றில் என்ன எழுதியிருந்தாள் என்பது அவளுக்கு வரி வரியாகத் தெரியும். ஹலீமா பீ வீட்டை அவள் தாண்டிப் போனாள். பேப்பர் ஞாபகமே வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. ஐசக் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் விரித்து, இரண்டு கைகளையும் அதற்குள் வைத்துக்கொண்டார். வெளியூர் போனால் அவர் எப்போதும் அப்படித்தான். கோயிலில் ஜெபத்துக்குக் கை குவிக்கும்போது மட்டும் வெளியே வரும்.

"பாட்டு மாதிரி எழுதியிருக்குதா கொழந்த?"

"கவிதைப்பா."

"எதப் பத்தி?"

"தெரியலப்பா."

"நல்லா படிக்குது இல்ல?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, மனசுக்குள் ஏதோ உறுத்தியது போல, "நீயும் நல்லாத்தான் படிச்சே. அப்புறம் ஏறல. அதுக்கு யாரு இன்னா பண்றது?" என்றார்.

ஜெயசீலி வெளியே பார்த்தாள்.

படிப்பு ஏறவில்லை என்று அவரிடம் சொன்னவள் அவள்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பின் பாதியில். அம்மாவுக்கு அந்த வருஷம் நெஞ்சு வலியும் இருமலும். தைக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. கிரேஸி சின்னவள். அப்பா வாய் விட்டுக் கேட்கப் போவதில்லை, கேட்காமலே மருகிக்கொண்டிருப்பார். அதனால் ஒரு சாயங்காலம் பையைக் கீழே போட்டு, 'எனக்குப் படிப்பு ஏறலப்பா, டீச்சர் திட்டறாங்க, நான் போகல' என்று சொல்லிவிட்டாள். ஐசக் நம்பினார். நம்புவதற்குச் சுலபமான பொய் அது.

இன்றைக்கு அந்தக் கவிதையை யாராவது அவர் காதில் படித்தால் அந்தப் பொய் போய்விடும். அவள் பயந்தது அதற்குத்தான். கிரேஸி திருடியதுகூட அதற்கப்புறம்தான்.

பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கவிதை தேர்வான மாணவிகளின் தாய் தகப்பன்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற வெள்ளைப் புடவை அம்மா ஒருவர், லாங் பஜாரில் கடை வைத்திருக்கிறவர் ஒருவர், கணியம்பாடியிலிருந்து வந்த ஒரு விவசாயி. ஐசக் கடைசியில் உட்கார்ந்தார். துண்டு மடியில்.

கிரேஸி ஓடி வந்தாள். இரட்டைச் சடை, நீலப் பாவாடை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீயும் வந்தியா?"

"தண்ணி குடிக்கணும். குழாய் எங்க இருக்குது, காட்டு" என்றாள் ஜெயசீலி.

குழாயடியில் யாரும் இல்லை.

"திட்டாதக்கா."

"எதுக்குடி கிழிச்ச?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கிழிச்சேன்."

ஜெயசீலிக்குக் கத்த வராது. சின்ன வயசிலிருந்தே வராது. குழாயை மூடினாள், அது மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தது.

"'என் வேர்'னு தலைப்பு குடுத்துட்டாங்கக்கா" என்றாள் கிரேஸி. "ஒருத்தி அவங்க தாத்தா மிலிட்டரின்னு நாலு பக்கம் எழுதறா. ஒருத்தி அவங்க நெலத்தப் பத்தி எழுதறா. எனக்கு ஒரு வரி வரல. நம்ம வீட்டுல இன்னா இருக்குது எழுதறதுக்கு? தோலும் நூலும். அப்புறம் பாத்தா உன் நோட்டுல நம்ம வீடு முழுசா இருக்குது. பழைய கோனார் உரை ஏதாச்சும் உள்ள கெடக்குதான்னுதான் பெட்டியத் தொறந்தேன். படிச்சுட்டு அழுதுட்டேன், தெரியுமா?"

"அழுதுட்டுக் கிழிச்சியா?"

"ஆமா."

"அது நான் பாத்ததுடி. நான் எழுதினது."

"எனக்கும் அவரு அப்பாதானே? உனக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா?"

ஜெயசீலி இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த எந்த வார்த்தையும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

கிரேஸி சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். "ஒண்ணு மட்டும் மாத்தியிருக்கேன். அப்புறம் தெரிஞ்சா கத்துவ, இப்பவே பாத்துக்க."

ஜெயசீலி படித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

'என் அப்பாவின் கைகள் நீலம்.'

"நீலமா?"

"வெள்ளைன்னு போட்டா சுண்ணாம்புக் குழின்னு தெரிஞ்சிரும்க்கா. இங்க எல்லாருக்கும் தோல் ஷாப்பு பத்தித் தெரியும். நான் ஹாஸ்டல்ல அப்பா டிரம்முல வேலை செய்யறாருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தோல் பதனிடுகிற அந்த ஷாப்புக்கு வருகிற பச்சைத் தோல் முதலில் சுண்ணாம்புக் குழிக்குத்தான் போகும். மயிரும் சதையும் நாற்றமும் அங்கேதான். குழியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். அதற்கப்புறம்தான் டிரம், தோலைப் பதப்படுத்துகிற பெரிய மர உருளை. அதில் உருண்டு நீலமாக வெளியே வருகிற தோலுக்கு மரியாதை உண்டு. டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு முழங்கால் வரை பூட்ஸ் உண்டு, 'வாங்க' உண்டு. குழிக்கும் டிரம்முக்கும் நடுவில் நாற்பதடி தூரம் இருக்கும். ஐசக் இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்பதடியைத் தாண்டவில்லை.

கிரேஸி பேனாவால் ஒரே நாளில் தாண்ட வைத்துவிட்டாள்.

"ஐ. கிரேஸியோட பேரண்ட்ஸ்!" என்று ஆபீஸ் வாசலிலிருந்து கூப்பிட்டார்கள்.

தமிழாசிரியை கெங்கம்மாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. ஃபாரங்கள் ஒரு கட்டு. பின்னால் கதவு திறந்தே இருந்தது. அடுத்து வரவேண்டிய வெள்ளைப் புடவை அம்மாவும் கடைக்காரரும் நிலைப்படியில் வந்து நின்றார்கள்.

"உட்காருங்க. படிக்கத் தெரியுமா?"

"கையெழுத்துப் போடுவேன் டீச்சரம்மா."

"அப்ப நான் படிக்கிறேன். எதுல கையெழுத்துப் போடறோம்னு தெரிஞ்சு போடணும். அதான் ரூல்."

படித்தார். அவர் நன்றாகவே படித்தார்.

என் அப்பாவின் கைகள் நீலம்.
சாயத்தில் நீந்தி வருகிற கைகள்.
விரல் இடுக்கில் வெடிப்பு;
வெடிப்புக்குள் வானம்.
ஒரு மத்தியானம்
குழம்புச் சோற்றைத் தொட முடியாமல்
கையைக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார்.
நான் பிசைந்து ஊட்டினேன்.
அன்றைக்கு நான் அவருக்கு அம்மா.
எனக்கு ஏழு வயது.

"வெடிப்புக்குள் வானம்" என்று கெங்கம்மாள் மறுபடி ஒரு தடவை சொன்னார். "இந்த ஒரு வரிக்காகத்தாங்க நான் இதத் தேர்ந்தெடுத்தேன். இந்த வயசுல இப்படி ஒரு வரி வர்றது லேசு இல்ல. உங்க பொண்ண நெனச்சு நீங்க சந்தோஷப்படணும்."

ஐசக் மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மத்தியானம் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுபோன ஏழு வயசுப் பெண்ணுக்கும், குழியோரத்தில் புளியமரத்து நிழலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கும். அப்போது கிரேஸிக்கு நான்கு வயசு. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐசக் மெல்லத் திரும்பினார். கிரேஸியைப் பார்க்கவில்லை. நேராக ஜெயசீலியைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு நொடி. அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சரம்மா?"

"கேளுங்க."

"அதுல நீலம்னு வருது. அது நீலம் இல்லீங்க."

"அப்பா..." என்றாள் கிரேஸி.

ஐசக் துண்டுக்குள்ளிருந்து கைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஃபாரங்களுக்குப் பக்கத்தில், உள்ளங்கை கீழாக. மூன்று தடவை தடவின எண்ணெய் பஸ்ஸிலேயே காய்ந்துபோயிருந்தது. நகத்தைச் சுற்றி, கணுக்களின் மேல், விரல் இடுக்கெல்லாம் வெள்ளை.

"நான் சுண்ணாம்புக் குழி ஆளு. டிரம் பக்கம் வேலை செஞ்சதில்ல. வெள்ளைன்னு போடுங்க."

நிலைப்படியில் நின்ற கடைக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கெங்கம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "முதல் வரிய மாத்தலாம். ஆனா வானம் போய்டுமேங்க. நீலம்னாத்தானே வானம்? அந்த வரிதான் இதுக்கு உயிரு."

"வானம் எரியாது டீச்சரம்மா" என்றார் ஐசக். "சுண்ணாம்பு எரியும். வெடிப்புல காரம் பட்டா உசுரு போய்டும். அதனாலதான் கொழம்புச் சோத்துல கை வைக்க முடியல. அதனாலதான் அந்தப் பொண்ணு ஊட்டுச்சு. வானம்னு போட்டுட்டா அது எதுக்கு ஊட்டுச்சுன்னு படிக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

ஐசக் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஜெயசீலி கேட்டதில்லை.

கெங்கம்மாள் தாளைக் கிரேஸியின் பக்கம் தள்ளினார். "திருத்திக் குடு. இப்பவே. சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகணும்."

கிரேஸியின் காது சிவந்துபோயிருந்தது. பேனாவை எடுத்தாள். 'நீலம்' என்பதை அடித்து 'வெள்ளை' என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. தான் மாற்றிய வரிகளில் முதலில் என்ன இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கிழித்த தாள்களை அவள் அப்போதே எரித்துவிட்டிருந்தாள்.

ஒரு நிமிஷம் போனது.

"குழியில் இறங்கி ஏறுகிற கைகள்" என்றாள் ஜெயசீலி, பின்னாலிருந்து, தணிந்த குரலில்.

கிரேஸி எழுதினாள்.

"வெடிப்புக்குள் சுண்ணாம்பு."

அதையும் எழுதினாள்.

கெங்கம்மாள் தலையைத் தூக்கி ஜெயசீலியைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு கேள்வி வந்தது. ஆனால் மேஜைமேல் இன்னும் பதினொரு ஃபாரம் இருந்தது, வாசலில் பதினொரு குடும்பம் இருந்தது. கேள்வியை அவர் கேட்கவில்லை. "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஐசக் பேனாவை வாங்கினார். கிரேஸி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கவிதை போகும், மலர் போகும், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தருவதாகச் சொன்ன சிபாரிசுக் கடிதமும் போகும்.

ஐசக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு ஹாலில் கவியரங்கம். கிரேஸி ஆறாவதாக மேடை ஏறினாள். மைக்கில் முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"என் அப்பாவின் கைகள்..." என்று நிறுத்தினாள்.

முன் வரிசையில் அவளுடைய ஹாஸ்டல் தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நாளாக டிரம்மைப் பற்றிக் கேட்டவர்கள்.

"...வெள்ளை" என்றாள்.

அப்புறம் நிறுத்தவில்லை. 'அன்றைக்கு நான் அவருக்கு அம்மா' என்ற இடத்தில் மட்டும் குரல் இடறியது. கண்களால் கூட்டத்தில் அக்காவைத் தேடினாள். கை தட்டினார்கள். ஐ. கிரேஸி, பதினோராம் வகுப்பு, என்று மைக்கில் மறுபடி பெயர் சொன்னார்கள். பக்கத்து நாற்காலிக்காரம்மா, "அது உங்க தங்கச்சியா? நல்லா எழுதியிருக்குதே!" என்றார்.

"ஆமாங்க" என்றாள் ஜெயசீலி. "நல்லா எழுதியிருக்குது."

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம். பள்ளிகொண்டாவில்தான் உட்கார இடம் கிடைத்தது. ஐசக் துண்டை மடியில் விரித்தார். கைகள் மட்டும் வெளியிலேயே இருந்தன.

"படிப்பு ஏறலன்னு சொன்னியே."

ஜெயசீலி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அப்ப ஏறலப்பா."

"டீச்சர் திட்டறாங்கன்னு சொன்ன."

ஜெயசீலி தலைப்பை இன்னும் ஒரு சுற்று சுற்றினாள்.

"நானும் கேக்கல. அந்த ஸ்கூலு நாலு தெரு தள்ளித்தான் இருக்குது. போய் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். போகல." கண்டக்டர் யாரையோ உள்ளே நகரச் சொல்லிக் கத்தினார். அது முடியும் வரை ஐசக் காத்திருந்தார். "கேட்டா நெஜம் தெரிஞ்சிரும்னு போகல போலருக்குது."

ஜெயசீலிக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது. ஐந்து வருஷமாகத் தலையில் சுமந்த ஒரு மூட்டையை யாரோ கை கொடுத்து இறக்கினால், கழுத்து வலி அப்போதுதானே தெரியும். அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எண்ணெய் வாசனைக்கு அடியில் அந்த இன்னொரு வாசனை, என்ன சோப்பு போட்டாலும் போகாதது.

"சின்னது மேல கோவப்படாத."

"படலப்பா."

"படுவ. பரவால்ல. கொஞ்ச நாள் பட்டுட்டு விட்டுரு." சற்றுப் பொறுத்துக் கேட்டார். "வேற எழுதியிருக்கியா?"

"மூணு நோட்டு."

"மூணு நோட்டா!" முதல் தடவையாக அன்றைக்கு அவர் முகம் விரிந்தது. "அதுலயும் நான் இருக்கேனா?"

"அம்மா இருக்காங்க. நம்ம தெரு இருக்குது. நீங்க மூணு எடத்துல வர்றீங்க."

"வீட்டுக்குப் போனதும் படிச்சுக் காட்டு. எல்லாத்தையும். நாளைக்கு ஞாயித்துக்கிழமதானே, எனக்கு இன்னா வேலை?"

"சிரிக்கக் கூடாது."

"ஏன், சிரிக்கிற மாதிரி இன்னா எழுதியிருக்க?"

"கோயில்ல நீங்க சுருதி தப்பிப் பாடறது."

ஐசக் சிரித்தார். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. பொன்மலர் வாசற்படியில் உட்கார்ந்து விரல்களுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நூல் அறுத்த இடம்.

"இன்னா ஆச்சு? கையெழுத்துப் போட்டாரா, இல்ல கேட்டுலயே நின்னுட்டாரா?"

"போட்டாச்சு" என்றார் ஐசக். "இன்னொரு சமாச்சாரமும் இருக்குது. பாப்பா, எடு."

ஜெயசீலி குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்தாள். வாய்க்கட்டு அவிழ்ந்திருந்தது. மேலே கிரேஸியின் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு. அதற்குக் கீழே பூகோளம். கையை அடிவரை விட்டாள்.

அப்போதுதான் அவளுக்குப் பேப்பர் ஞாபகம் வந்தது.

"எதத் தேடற? நீ பேப்பர் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு உன் பாட்டுக்குப் போய்ட்ட" என்றாள் பொன்மலர். "ஹலீமா பீ வீட்டுக்கு நானே போனேன். பூட்டிக் கெடக்குது. வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டாங்களாம். வேன்காரன் வந்து ஹாரன் அடிச்சுப் பேஜார் பண்றான். இன்னா பண்றது? அந்த மூட்டையில கிரேஸியோட பழைய நோட்டுல மேல இருந்த மூணை எடுத்துக் கிழிச்சு நடுவுல வெச்சுக் கட்டி அனுப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, தாளு மெத்துன்னு இருந்துச்சு. நியூஸ் பேப்பர் மாதிரி மையும் ஒட்டாது."

ஜெயசீலி சாக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"அட்டை முரடா இருந்துச்சு. தோலக் கீறிரும்னு அத மட்டும் தனியா எடுத்து அடுப்புக்கு வெச்சிருக்கேன்."

அடுப்புக்குப் பக்கத்தில், சுள்ளியின் மேல், மூன்று அட்டைகள் இருந்தன. பழுப்பு, பச்சை, பழுப்பு. முதுகில் பின் குத்தியபடியே இருந்தது. பின்னில் தாளின் துணுக்குகள். யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

ஐசக் பச்சை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கமும் வெறுமைதான்.

"ஏங்க? இன்னா ஆச்சு? அதுல கிரேஸிக்கு வேண்டியது ஏதாச்சும் இருந்துச்சா? பழசுதானேன்னு..." பொன்மலரின் குரல் இறங்கியது. "யாராச்சும் சொல்லுங்களேன்."

"பாப்பா" என்றார் ஐசக். "மனசுல எதுனா ஞாபகம் இருக்குதா? ஒண்ணாச்சும்?"

ஜெயசீலி யோசித்தாள். கோயில் பாட்டு, அம்மாவின் இருமல், தெருக்குழாயில் வரிசை நிற்கும் குடங்கள், எல்லாவற்றுக்கும் தலைப்பு மட்டும் வந்தது. வரிகள் வரவில்லை. மைக்கில் கேட்ட ஒரே ஒரு குரல் மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நின்றது.

"கிரேஸி படிச்சதுதான்ப்பா ஞாபகம் வருது."

ஐசக் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.

"வேன் எப்பப் போச்சு?"

"ரெண்டே காலுக்கு" என்றாள் பொன்மலர்.

"கம்பெனி சனிக்கிழம எத்தன மணி வரைக்கும்?"

"ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. கட்டுப் பிரிச்சு செக்கிங் முடிச்சுட்டுத்தான் மக்பூல் பாய் கெளம்புவாரு. வேண்டாத பேப்பர எல்லாம் அங்கயே பின்னாடி போட்டுக் கொளுத்திருவாங்க."

ஐசக் படியிறங்கினார். இறங்கின வேகத்தில் தோளிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கத் திரும்பவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு தெருவின் நடுவில் நடந்தார்.

ஜெயசீலி மூன்று அட்டைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.